வடக்கு ஜன்னல்

போனைப் பஸ் கண்ணாடியோட ஒட்டி வச்சு எடுங்க தம்பி. இப்படித் தள்ளிப் பிடிச்சா அந்தக் காத்தாலை விழாது, உங்க மூஞ்சிதான் விழும். ஆங், அப்படித்தான். இப்பப் பாருங்க. தெளிவா இருக்கா?

பல்லடத்துலதான ஏறுனிய? மதுரைக்கா? சரி சரி. நான் தூத்துக்குடி. நேரம் கிடக்கு.

இல்லை, ஸ்டுடியோ எல்லாம் இல்லை. படம் எடுக்கது எனக்குத் தொழில் கிடையாது. தொழில் எடைமேடை. துறைமுகத்துக்குப் போற ரோட்டுல லாரி வந்து ஏறி நிக்கும், நான் எடையைப் பாத்துச் சீட்டு எழுதிக் கொடுப்பேன். முப்பத்தொரு வருஷம் அதுதான். போன சித்திரையோட ஓய்வு. பேரு ஆறுமுகநயினார். நயினார்னா எங்க ஏரியாவுல தெரியும். எடைமேடை நயினார்னா தெரியாது, படம் எடுக்கிற நயினார்னாத்தான் தெரியும்.

எங்க ஊர்ல என்னை மாதிரிப் படம் எடுக்கிற கிறுக்குப் பிடிச்ச ஆளு பதினஞ்சு பேரு இருக்கோம். ஞாயித்துக்கிழமை ஒரு டயர் கடை மாடியில கூடுவோம். பேங்க் மேனேஜர் உண்டு, பல் டாக்டர் உண்டு. அவுக எல்லாம் பறவை எடுப்பாக. உப்பளத்துப் பக்கம் போயி நாள் பூரா கிடப்பாக. நான் ஊரைத்தான் எடுப்பேன். கரி லாரி போற ரோட்டைப் பாத்திருக்கியளா? சுவரு, வேப்பமரம், டீக்கடை பெஞ்சு, எல்லாத்துலயும் ஒரு கருப்பு படிஞ்சு கிடக்கும். மழை விட்டவுடனே நான் அங்க போயி நிப்பேன். நனைஞ்ச தார் ரோட்டுல வானம் கொஞ்சமா விழும் பாருங்க, கொஞ்சமாத்தான், மிச்சமெல்லாம் கருப்பு. அது ஒரு அழகு.

ஒரு தடவை, கரி இறக்குற ஆளு ஒருத்தன் குழாயடியில குனிஞ்சு நிக்கான். முதுகுல தண்ணி ஓடுது. எடுத்தேன். அதுக்கு மதுரையில முதல் பரிசு. பரிசு கொடுக்க வந்த பெரிய மனுசன் கேக்காரு, "கொஞ்சம் வெளிச்சம் கூட்டியிருந்தா ஆளு முகம் தெரிஞ்சிருக்குமே"ன்னு. நான் மேடையிலயே சொன்னேன், "ஐயா, கருப்புக்குள்ள எத்தனை கருப்பு இருக்குன்னு பாக்கத் தெரியாதவனுக்குத்தான் வெளிச்சம் வேணும்." கை தட்டுனாங்க தம்பி. எங்க பல் டாக்டரு அதை இப்பவும் சொல்லிக்கிட்டு இருக்காரு.

ஊரு ஒரு பக்கம். வீட்டுல இன்னொரு பக்கம். எங்க வீட்டு முன்னறையில வடக்குப் பாத்த ஜன்னல் ஒண்ணு. வடக்குன்னா வெயில் நேரா அடிக்காது. பகல் பூரா பால் மாதிரி ஒரே சீரா வெளிச்சம் வரும். அதுல ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டேன்னு வைங்க, இன்னும் மெத்துன்னு ஆயிரும். டிவி வந்த பெட்டிக்குள்ள தெர்மாகோல் இருக்கும்லா, முகத்துல வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க அதை எடுத்து வச்சுக்கிட்டேன். பிரமுவோட பச்சைச் சேலையை ஆணியடிச்சுப் பின்னால தொங்கவிட்டேன். பிரமு என் வீட்டுக்காரி, பிரமநாயகி. சேலையில ஓட்டை விழுந்ததுக்கு ஒரு வாரம் பேசலை.

அந்த ஜன்னல்கிட்ட ஸ்டூலைப் போட்டு உக்கார வச்சா, யாரா இருந்தாலும் பளிச்சுன்னு ஆயிருவாங்க. தெருவே வந்து உக்காந்திருக்கு. இஸ்திரி போடுற அம்மா, ரேஷன் கடைக்காரரு, பரிட்சைக்குப் படம் வேணும்னு பிள்ளைக. கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணுகளைக் கூட்டிக்கிட்டு வருவாங்க. "நயினார் ஜன்னல்ல உக்கார வச்சா ஆறு மாசத்துல மாப்பிள்ளை வந்துரும்"னு ஒரு பேச்சே உண்டு. நான் யாருகிட்டயும் எதுவும் வாங்குனது கிடையாது. ஆசைக்குச் செய்யது.

தெர்மாகோலைப் பிடிக்கது என் மகதான். செண்பகம். ஒரே பிள்ளை. அஞ்சாவது படிக்கையில இருந்து பிடிப்பா. "அப்பா, இவங்களுக்கு இடது கன்னத்துக்கா, தாடைக்குக் கீழயா?"ன்னு அவளே கேப்பா. அத்தனை கூர்மை.

அவ என் நிறம். என்னைப் பாக்கியள்லா, இதே நிறம். பிரமு நல்ல செவப்பு. பிரசவத்தன்னைக்கே எங்க அக்கா சொன்னா, "கண்ணு மூக்கெல்லாம் பிரமு, தோலு மட்டும் உன்னுது"ன்னு. எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன். ஆனா தம்பி, உள்ள ஒண்ணு விழுந்துட்டுது. நான் கொடுத்ததுதான இது, நான்தான சரிக்கட்டணும்னு.

படிச்சா. மெக்கானிக்கல்ல டிப்ளமா. ஊர்லயே ஒரு கம்பெனியில வேலை. இருபத்தஞ்சு முடிஞ்சதும் வரன் பாக்க ஆரம்பிச்சோம். பெரிய ஸ்டுடியோவுல படம் எடுத்து அனுப்பினோம். ஒவ்வொண்ணா திரும்பி வருது. ஜாதகம் பொருந்தலைங்காக. பொருந்துனா, பையன் இப்ப வேண்டாங்கான்னு சொல்லுதாக. கடைசியில தரகரு ஒருத்தரு உள்ளதைச் சொல்லிட்டாரு, "அண்ணாச்சி, படம்தான் இடிக்குது. கொஞ்சம் வெளிச்சமா ஒண்ணு எடுங்க."

எனக்கு வெக்கமாப் போச்சு. ஊருல உள்ள பொண்ணுகளுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தவன், சொந்த மகளை எவனோ ஒருத்தன் ஸ்டுடியோவுக்கு அனுப்பியிருக்கேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை, வானம் லேசா மூடியிருக்கு. அதுதான் நல்ல வெளிச்சம். ரெண்டு வேட்டி கட்டினேன். தெர்மாகோல் இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு, மடியில ஒண்ணு. அன்னைக்குப் பிடிக்க ஆளு இல்லைல்லா, நாற்காலியில சாத்தி வச்சுக் கயிறு போட்டுக் கட்டினேன். கேமராவுல வெளிச்சத்தை அளவுக்கு மேல ரெண்டு படி கூட்டி வச்சேன். இஸ்திரி போடுற அம்மாவுக்கெல்லாம் அத்தனை கூட்டுனது இல்லை. அவளுக்குக் கண்ணுல தண்ணி வருது. "அப்பா, கூசுதுப்பா"ங்கா. "கொஞ்சம் பொறும்மா, உனக்காகத்தான"ன்னேன். காலையில உக்காந்தவளை மத்தியானம் சோத்துக்குத்தான் எழுப்பினேன்.

அதுல ஒரு படம் அமைஞ்சுது தம்பி. கொஞ்சம் திரும்பி, உதட்டோரமா ஒரு சிரிப்பு. சந்தனச் சிலை மாதிரி. கம்ப்யூட்டர்ல நான் ஒரு புள்ளியைத் தொடலை, அதை நீங்க நம்பணும். வெறும் வெளிச்சம். வெளிச்சம் பொய் சொல்லுமா? நான் அழுதுட்டேன். செண்பகத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் கேட்டா, "யாருப்பா இது?"

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைக்கிய? இருபத்தாறு வருஷம் படம் எடுத்தவனுக்கு அதைவிட ஒரு பரிசு வேணுமா? எங்க கிளப்புல எல்லாருகிட்டயும் சொன்னேன், "என் மகளே அசந்து போயி யாருன்னு கேக்கா"ன்னு.

படம் போன ஒரே வாரத்துல அம்பாசமுத்திரத்துல இருந்து பதில் வந்துட்டு. பையன் அரசாங்க வேலை. ஜாதகமும் பொருந்தி வந்துச்சு. வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வாரோம்னுட்டாக. பையன், அவன் அம்மா அப்பா, கூட ஒரு அத்தை. நாலு பேரு.

முன்னறையிலதான் உக்கார வச்சேன். பேசிக்கிட்டு இருக்கோம். செண்பகம் மாம்பழக் கலர் பட்டுக் கட்டி, தட்டுல காப்பி கொண்டு வந்தா. பையனோட அம்மா டம்ளரை எடுத்து ஒரு வாய் குடிச்சிட்டு, பிரமுவைப் பாத்துச் சிரிச்ச முகமாக் கேக்காக, "பொண்ணை வரச் சொல்லுங்க மதினி. நல்ல நேரம் போகுதுல்லா."

செண்பகம் அந்த அத்தைக்கு முன்னால தட்டோட குனிஞ்சபடியே நிக்கா. நிமிரலை. பிரமுதான் சொன்னா, "இவதான் மதினி பொண்ணு."

அந்த அம்மா கைப்பையைத் திறந்து போனை எடுத்தாக. படத்தைப் பாக்காக, இவளைப் பாக்காக. "அப்ப இது யாரு?"ன்னாக. கெட்ட எண்ணத்துல கேக்கலை தம்பி. நிசமாவே தெரியாமத்தான் கேட்டாக. அந்த அத்தைக்காரி மட்டும் மெல்ல, "தங்கச்சி படத்தை அனுப்பிட்டு மூத்தவளைக் காட்டுதாக போல"ன்னா.

எனக்குச் சுர்ருன்னு ஏறிட்டுது. என் படத்தைப் பொய்யின்னு சொல்லுதாகல்லா! ஏமாத்துக்காரன்னு நினைச்சிட்டாகல்லா! "இங்க பாருங்க, நான் ஒண்ணும் கை வைக்கலை. அது இவதான். இங்கன வெளிச்சம் சரியில்லை. ஒரு நிமிசம் இருங்க"ன்னேன். செண்பகம் கையில இருந்த தட்டை வாங்கிக் கீழ வச்சேன். அவ கையைப் பிடிச்சு ஜன்னல்கிட்ட ஸ்டூல்ல கொண்டுபோயி உக்கார வச்சேன். வேட்டியை இழுத்து விட்டேன். கட்டிலுக்குக் கீழ கிடந்த தெர்மாகோலை எடுத்து அவ முகத்துப் பக்கத்துல பிடிச்சேன். பிடிச்சுக்கிட்டு, "இப்பப் பாருங்க. இப்ப அந்தப் படத்தைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. அதே பொண்ணுதான? மோவாயைக் கொஞ்சம் தூக்கும்மா"ன்னேன்.

தூக்கினா தம்பி. நான் சொன்னதும் தூக்கினா. சின்னதுல இருந்து பழக்கம்லா.

அவுக யாரையும் பாக்கலை அவ. என்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. கண்ணைக் கொட்டாம. நான் அவுகளைப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒத்துக்கிடுதாகளா இல்லையான்னு.

அந்தப் பையன் எந்திரிச்சுட்டான். "போதும் சார். அவங்களை விடுங்க சார்"னான். அவன் குரலு ஒரு மாதிரி இருந்துச்சு. எதுக்கு அப்படிச் சொன்னான்னு எனக்கு அப்ப விளங்கலை. நான் என்ன அவளை அடிக்கவா செஞ்சேன்?

அவுக போயிட்டாக. செண்பகம் எந்திரிச்சு, தரையில கிடந்த தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போனா. அழலை. சத்தம் போடலை. டம்ளரு எல்லாத்தையும் கழுவிக் கவுத்து வச்சா. பிரமு வந்து ஜன்னல்ல கட்டியிருந்த வேட்டியை அவுத்தா. மடிச்சுக்கிட்டே கேட்டா, "என் பிள்ளை மூஞ்சியில என்ன குறை கண்டு இப்படிச் சுவத்துக்கு அடிக்கிற மாதிரி வெள்ளையடிச்சிய?"

"அவ நல்லதுக்குத்தான"ன்னேன். அதுக்கப்புறம் அந்த ஜன்னல்ல வேட்டி கட்ட அவ விடலை.

செண்பகம் ஒரு பத்து நாளு சாதாரணமாத்தான் இருந்தா. நான் அம்பாசமுத்திரத்துக்காரங்களைத் திட்டிக்கிட்டே இருப்பேன், கேட்டுக்கிட்டு இருப்பா. ஒருநாள் சாயங்காலம் நான் படங்களை அடுக்கிக்கிட்டு இருக்கேன், பக்கத்துல வந்து உக்காந்தா. அந்தக் கரிக்காரன் படத்தை எடுத்து மடியில வச்சுக்கிட்டா. "அப்பா, இதுல ஏன் வெளிச்சம் கூட்டலை?"ன்னா.

எனக்கு ஒரே சந்தோஷம். கோவம் போயிட்டு, பழையபடி படத்தைப் பத்திக் கேக்கான்னு. விலாவாரியாச் சொன்னேன். "கூட்டவே கூடாதும்மா. கூட்டுனா செத்துரும். அந்தக் கருப்புதான் அதோட அழகே. உள்ளதை உள்ளபடி எடுக்கணும்"னேன். அரைமணி நேரம் சொல்லியிருப்பேன். எல்லாத்தையும் கேட்டா. "ம்"னா. படத்தை இருந்த இடத்துலயே வச்சிட்டு உள்ள போயிட்டா. மறுநாள் காலையில சொல்லுதா, கோயம்புத்தூர்ல பம்பு கம்பெனி ஒண்ணுல வேலை கிடைச்சிருக்கு, திங்கக்கிழமை சேரணும்னு.

ரெண்டரை வருஷம் ஆச்சு தம்பி. பொங்கலுக்கு வந்தா ரெண்டு நாளு. ஒரு தீபாவளிக்கு வந்தா. போன் பண்ணுவா, அம்மாகிட்டப் பேசுவா. "அப்பா சாப்பிட்டாகளா"ன்னு அவகிட்டக் கேட்டுக்கிடுவா. நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். நான் வாங்கிப் பேசுனா, "நல்லா இருக்கேன்ப்பா, நீங்க?" அவ்வளவுதான். மரியாதை ஒண்ணும் குறையலை. குறைஞ்சிருந்தாக்கூடச் சண்டை போட்டிருப்பேன்.

எனக்கு அதுதான் ஆத்தாமை. அவளை வேண்டாம்னு போனது அவுக. அந்த அத்தைக்காரி அந்தப் பேச்சுப் பேசிட்டுப் போனா. அவுக மேல அவளுக்கு ஒரு கோவமும் இல்லை. "அந்தப் பையன் நல்லவன்ம்மா"ன்னு பிரமுகிட்டச் சொல்லியிருக்கா. அவளுக்காக மூணு மணி நேரம் முட்டி போட்டுக்கிட்டுப் படம் எடுத்த அப்பன்தான் ஆகாதவனாப் போயிட்டேன். என்ன நியாயம், சொல்லுங்க.

அந்தப் படம் எங்கன்னா கேக்கிய? இல்லை. ஒரு தடவை வந்திருக்கையில அவளே என் போன்ல இருந்து, கம்ப்யூட்டர்ல இருந்து எல்லாத்துலயும் அழிச்சிட்டா. என்கிட்டக் கேட்டுட்டுத்தான் அழிச்சா. "அழிச்சிரட்டுமாப்பா?"ன்னா. நான் என்னத்தைச் சொல்ல. சரின்னேன். அப்படி ஒரு படம் இனி எனக்கு அமையாது.

போன மாசம் அவளே எனக்குப் போன் பண்ணா. அம்மாவுக்கு இல்லை, எனக்கு. "அப்பா, இங்க ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கிடலாம்னு இருக்கேன். கூட வேலை பாக்கிறவரு. பேரு நந்தகோபால். கோயில்ல வச்சு எளிமையாச் செய்யோம். நீங்களும் அம்மாவும் வரணும்"னா. அப்புறம், "கேமரா மட்டும் வேண்டாம்ப்பா"ன்னா.

கொண்டு போகலை. அவ சொன்ன பிறகு எப்படிக் கொண்டு போறது? நேத்துத்தான் கல்யாணம். கையில கேமரா இல்லாம ஒரு கல்யாணத்துல நான் நின்னது நேத்துத்தான். கையை எங்க வைக்கதுன்னே தெரியலை தம்பி. கட்டிப் பாத்தேன், பின்னால வச்சுப் பாத்தேன். கடைசியில ஒரு சொம்பை வாங்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

மாப்பிள்ளை நல்ல நிறம். அதைப் பாத்ததும் எனக்கு ஒரு குறுகுறுப்பு. சாப்பிட்டுக் கை கழுவுற இடத்துல மெல்லக் கேட்டேன், "மாப்பிள்ளை, நீங்க முதல்ல இவ போட்டோ ஏதும் பாத்தியளா?"ன்னு. ஒருவேளை அந்தப் படம் அவரு கையில கிடைச்சிருக்குமோன்னு நினைப்பு. அவரு சிரிக்காரு. "போட்டோ எதுக்குங்க மாமா? தெனமும் நேர்லயே பாத்துட்டுத்தானுங்களே இருந்தேன்"னாரு.

அந்தப் பேச்சு மனசுல தங்கிட்டுது. பந்தியில செண்பகம் பரிமாறிக்கிட்டு இருந்தா, சினேகிதப் பிள்ளைகளோட சிரிச்சுக்கிட்டு. நெத்தியெல்லாம் வேர்வை. உச்சி வெயிலு நேரா மேல இருந்து விழுந்து கண்ணுக்குக் கீழ நிழலு. எடுக்கவே கூடாத வெளிச்சம் அது. ஆனா பாத்துக்கிட்டே இருந்தேன். இடையில கண்ணாடி, கேமரா ஒண்ணும் இல்லாம அவளை அப்படி எப்பப் பாத்தேன்னு யோசிச்சேன். ஞாபகம் வரலை.

அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு அப்பத்தான் தோணுச்சு. எதுக்குன்னு எனக்கு இப்பவும் சரியாச் சொல்லத் தெரியலை. நான் கெட்டது நினைக்கலை. ஆனா கேக்கணும். பிரமு குடித்தனம் வச்சுக் கொடுத்துட்டுப் பத்து நாளு கழிச்சு வாரேன்னுட்டா. எனக்கு இன்னைக்குப் பஸ்ஸு. காலையில குளிக்கையில இருந்து சொல்லிப் பாத்துக்கிட்டே இருக்கேன். "அம்மா செண்பகம், அப்பா அன்னைக்குச் செஞ்சது தப்பு." இவ்வளவுதான். நீளமா எல்லாம் இல்லை.

அவதான் ஸ்கூட்டர்ல கொண்டாந்து விட்டா. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் அவளும் மட்டும். வழியில கேக்கலாம்னு நினைச்சேன், ஒரே ஹாரன் சத்தம். இறங்கினதும் கேக்கலாம்னு இருந்தேன், தண்ணி பாட்டில் வாங்கிட்டு வாரேன்னு போயிட்டா. நான் ஏறி இந்த சீட்டுல உக்காந்துட்டேன். நிழல் அந்தப் பக்கம். அவ சுத்தி இந்தப் பக்கம் வந்து, ஜன்னலுக்குக் கீழ நின்னு பாட்டிலை நீட்டினா. புதுத் தாலி மஞ்சக் கயிறு. முகத்துல நேரா வெயிலு. கண்ணைச் சுருக்கிக்கிட்டு என்னை அண்ணாந்து பாக்கா.

டிரைவரு வண்டியை எடுத்துட்டாரு. இதை விட்டா இல்லைன்னு வாயைத் திறந்தேன் தம்பி.

"வெயில்ல நிக்காதம்மா, கருத்துருவே"ன்னேன்.

அதுதான் வந்துச்சு. வாயில அதுதான் வந்துச்சு. சின்னப் பிள்ளையில இருந்து சொல்லிச் சொல்லிப் பழகுன வாயி.

அவளுக்கும் ஒரு மாதிரி ஆயிட்டுது. என்னமோ சொல்லப் போறேன்னு அவளும்தான நின்னிருப்பா. ஆனா கோவப்படலை. "சரிப்பா"ன்னா. லேசாச் சிரிச்சாக்கூட.

சரின்னாளே தவிர, நகரலை. பஸ்ஸு வளைஞ்சு ரோட்டுல ஏறுற வரைக்கும் அந்த வெயில்லயேதான் நின்னா.